கொல்லைப்புறத்தில் ஒரு வைரிக் குடும்பம்

சென்னையில் நந்தனத்தில், அடையாற்றின் வடகரைக்குச் சற்றுத் தள்ளி, பழைய வீடு ஒன்றில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் பின்புறம் ஒரு மாமரம். அதையடுத்து உயரமான வேம்பு. பங்குனி மாதத்தில் அந்த வேம்பின் கவட்டையில் புதிதாக ஒரு சுள்ளிக் கூடு தோன்றுகிறது. பார்த்தால் காக்கைக் கூடு போலத்தான் இருக்கிறது. ஆனால் காக்கைகளோ அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கூச்சலிடுகின்றன. கூட்டில் அமர்ந்திருப்பது காக்கையன்று; ஒரு வேட்டைப் பறவை!

சில நாட்களுக்குள் வீட்டில் விவாதம் தொடங்கிவிடும். "கோழிக்குஞ்சைத் தூக்குகிற பறவை அது, கூட்டைக் கலைத்துவிடு" என்பார் பாட்டி. பிடிபட்ட அணிலைப் பார்த்துத் தங்கை கண்ணீர் விடுவாள். "ஒரு குஞ்சை எடுத்து வளர்க்கலாமா?" என்று கேட்பான் தம்பி. முட்டை ஒன்று கிடைத்தால் பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமே என்று உங்களுக்கே தோன்றலாம்.

இந்த நான்கு எண்ணங்களும் புதியவை அல்ல. பகை, இரக்கம், பழக்கும் ஆசை, சேகரிக்கும் ஆசை ஆகிய இந்நான்கும் வேட்டைப் பறவைகளிடம் மனிதன் பல நூற்றாண்டுகளாகக் காட்டி வந்த மனப்பான்மைகளேயாகும். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது, அருகில் சென்று தொந்தரவு செய்யாமல் நாள்தோறும் கவனித்தல். இது வரலாற்றில் மிகவும் பிந்தி வந்தது. ஆனால் மற்ற நான்கும் சொல்லாத உண்மைகளை இதுவே நமக்குச் சொல்லியது. அந்த வரலாற்றைக் காண்போமா?

யார் இந்த வைரி?

முதலில் பறவையை இனங்கண்டு கொள்வோம். சென்னை வானத்தில் உயரே வட்டமிடும் பெரிய பழுப்புநிறப் பறவை பருந்து. அதன் வால் நுனி சற்றே பிளவுபட்டிருக்கும். வெள்ளைத் தலையும் செங்காவி நிற உடலும் கொண்டது செம்பருந்து. இதைத்தான் மக்கள் கருடன் என்று வணங்குகிறார்கள். நாம் பேசப்போகும் பறவை இவ்விரண்டும் அன்று. அதன் பெயர் வைரி. வல்லூறு என்றும் பலர் அழைப்பர். வட இந்தியாவில் இதன் பெயர் சிக்ரா. வேட்டையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய பெயர் இது.

வைரி, புறாவின் பருமனே உள்ளது. வளர்ந்த பறவையின் முதுகு சாம்பல் நிறம். மார்பில் செம்பழுப்பு நிறக் குறுக்குக் கோடுகள். வாலில் கரிய பட்டைகள். ஆணின் கண் சிவப்பாக இருக்கும். பெண்ணின் கண் மஞ்சள் அல்லது ஆரஞ்சு சாயலுடையது. பெண்ணே உருவத்தில் பெரியது. பறவைகளுள் பொதுவாக ஆண் பெரிதாக இருக்க, வேட்டைப் பறவைகளில் இது தலைகீழாக இருப்பது வியப்புக்குரியது அல்லவா? இளம் பறவையின் முதுகு பழுப்பாகவும், மார்பு நெடுக்குக் கோடுகளுடனும் இருக்கும்.

பருந்துக்கு நீண்ட சிறகுகள். திறந்த வானில் மிதப்பதற்கு அவை ஏற்றவை. வைரிக்கோ குட்டையான, நுனி உருண்ட சிறகுகளும் நீண்ட வாலும் உள்ளன. கிளைகளின் ஊடே வளைந்து நெளிந்து விரைவதற்கு இந்த அமைப்பு உதவுகிறது. குட்டைச் சிறகு வேகத்தைத் தருகிறது. நீண்ட வால் சுக்கான் போலத் திருப்புகிறது. இது அடர்ந்த காட்டை விரும்புவதில்லை. தோப்புகளும் தோட்டங்களும் ஊர்களை ஒட்டிய மரங்களுமே இதன் வாழிடம்.

இதைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொரு பறவையும் உண்டு. அது அக்காக்குயில். தவிட்டுக்குருவியின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் பறவை இது. இறகின் நிறமும் வாலின் பட்டைகளும் பறக்கும் விதமும் அப்படியே வைரியை ஒத்திருக்கும். இந்த ஒற்றுமையால் குயிலினத்துக்கு என்ன பயன்? 2008 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டேவிஸ், வெல்பர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். பட்டைகளுள்ள அந்நாட்டுக் குயிலைக் கண்டு சிறு பறவைகள் வேட்டைப் பறவையைக் கண்டதுபோலவே அஞ்சின; மார்பில் இருந்த பட்டைகளை மறைத்ததும் அச்சம் குறைந்தது. வைரியின் குடும்பத்துக்கு உள்ள 'நற்பெயர்' எத்தகையது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்!

கூட்டில் நடப்பது என்ன?

தமிழ்நாட்டில் வைரி கோடைக்காலத்தை ஒட்டிக் கூடு கட்டுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து சுள்ளிகளைக் கொண்டுவந்து அடுக்கி, உட்புறம் புல்லைப் பரப்புகின்றன. வெளிர் நீலச் சாம்பல் நிறத்தில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடப்படுகின்றன. அடைகாக்கும் காலம் 18 முதல் 21 நாட்கள்.

இக்காலத்தில் குடும்பத்தில் ஒரு வேலைப் பங்கீடு ஏற்படுகிறது. பெண் பெரும்பாலும் கூட்டை விட்டு நகர்வதில்லை. வேட்டையாடும் பொறுப்பு சிறிய உருவமுள்ள ஆணுக்கே உரியது. அது இரையுடன் வந்து குரல் கொடுக்கும். பெண் இரையை வாங்கிக்கொள்ளும். குஞ்சுகள் பொரிந்த பின், தாய் இறைச்சியைச் சிறுசிறு நார்களாகக் கிழித்து ஒவ்வொரு வாயாக ஊட்டும். கூரிய அலகும் நகமும் கொண்ட அப்பறவை, கண்ணே திறந்து அதிக நாளாகாத குஞ்சுக்கு அத்தனை மென்மையாக ஊட்டுவதைக் காண்பவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது கடினம்.

இரை யாது? ஓணான், பல்லி, அணில், எலி, தவளை, தட்டான், வெட்டுக்கிளி, சிறு பறவைகள், சில வேளை அந்தியில் பறக்கும் சிறு வௌவால் ஆகியவை. வைரி வருவதைக் கண்டவுடன் சிறு பறவைகள் இலைக் கூட்டத்துக்குள் பாய்ந்து மறையும். தவிட்டுக்குருவிகள் மட்டும் கூட்டமாகத் திரண்டு எதிர்த்துக் கத்தும். இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான் செய்வது இன்னும் வேடிக்கை. அது வைரியின் குரலைப் போலவே கத்தி மைனாக்களை வெருட்டிவிட்டு, அவை விட்டுச் சென்ற இரையைக் கவர்ந்துகொள்வதைப் பறவையியலார் குறித்திருக்கின்றனர்.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைக்கு வருகின்றன. அதன் பிறகும் சில வாரம் பெற்றோரே உணவளிக்கின்றன. ஆக, கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து குஞ்சுகள் தனித்து வாழும் வரை மூன்று மாத அளவு ஒரு குடும்பம் உங்கள் மரத்தில் குடியிருக்கிறது.

இரக்கம்: சிபியின் தராசு

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நீங்கள் அறிவீர்கள். சோழர்கள் தம்மை இம்மன்னனின் வழிவந்தோராகக் கூறிக்கொண்டனர். புறநானூற்றுப் புலவர்களும் இச்செய்தியைச் சுட்டுகின்றனர். நாம் இக்கதையில் புறாவையும் மன்னனையும் நினைவில் வைத்துக்கொண்டோம். துரத்தி வந்த வேட்டைப் பறவையை மறந்துவிட்டோம்.

மகாபாரதம் கூறும் கதையில் அப்பறவை மன்னனிடம் வழக்காடுகிறது. "என் உணவை நீ தடுத்தால் நான் இறப்பேன், நான் இறந்தால் என் மனைவியும் மக்களும் இறப்பர், ஓர் உயிரைக் காத்துப் பல உயிரை அழிப்பது எவ்வாறு அறமாகும்?" என்பது அதன் வாதத்தின் சாரம். இன்றைய உயிரியல் அறிஞர் ஒருவர் எழுதியது போலவே இது தோன்றவில்லையா? பெண் கூட்டில் அடைகாக்க, ஆண் மட்டுமே வேட்டையாடும் காலத்தில் ஆண் ஒன்று கொல்லப்பட்டால் கூடு முழுவதும் பட்டினிக்கு உள்ளாகும். கதை சொன்னவர்கள் இயற்கையை உற்றுப் பார்த்தவர்கள் என்றே தோன்றுகிறது.

பழக்கும் ஆசை: மன்னர்களின் கையில்

வேட்டைப் பறவையைப் பிடித்துப் பழக்கி, அதைக் கொண்டு மற்றப் பறவைகளை வேட்டையாடும் வழக்கம் ஆசியாவில் மிகப் பழமையானது. 12 ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' என்னும் நூலில் இக்கலை பற்றிய பகுதி உள்ளது. குமாயூன் மன்னர் ருத்திரதேவர் பெயரால் 'சியைநிக சாஸ்திரம்' என்று இதற்கெனவே தனி நூல் வழங்குகிறது. முகலாயப் பேரரசர்கள் இதில் பெருவிருப்புக் கொண்டிருந்தனர். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அனுப்பிய அரிய வல்லூறு ஒன்று இறந்துபோனபோது, அதன் உருவத்தை வரைந்து வைக்குமாறு ஓவியர் மன்சூருக்கு ஜஹாங்கீர் ஆணையிட்டார். இது 1619 ஆம் ஆண்டில் நடந்தது.

அரசர்களின் கையில் பெரிய வல்லூறுகள் அமர்ந்திருந்தன. எளியவர்களின் கையில் அமர்ந்தது வைரி. எளிதில் கிடைக்கும், விரைவில் பழகும், அஞ்சாமல் தன்னைவிடப் பெரிய பறவையையும் தாக்கும் என்பன இதன் சிறப்புகள். கௌதாரி, காக்கை முதலியவற்றை இதைக்கொண்டு பிடித்தனர். விலையுயர்ந்த வல்லூறுகளுக்கு அன்றாட உணவு தேடிக் கொடுக்கும் வேலையையும் வைரியே செய்தது!

இப்பழக்கத்தால் மனிதனுக்கு இப்பறவைகளின் நோய், உணவு, இறகு உதிர்வு முதலியவை நன்கு தெரிந்தன. ஆனால் பிடித்து வந்த பறவை கூடு கட்டுவதில்லை. ஆகவே அதன் குடும்ப வாழ்க்கை மட்டும் தெரியாமலே இருந்தது.

சேகரிக்கும் ஆசை: தோலும் முட்டையும்

பறவையியல் வரலாற்றில் சென்னைக்கு ஒரு தனியிடம் உண்டு. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்தவர் எட்வர்ட் பக்லி. அவர் கோட்டையைச் சுற்றிக் கண்ட பறவைகளின் படங்களையும் குறிப்புகளையும் லண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்து வணிகருக்கு அனுப்பினார். இருபதுக்கும் மேற்பட்ட அப்பறவைகள், இயற்கை அறிஞர் ஜான் ரே எழுதி அவர் மறைவுக்குப் பின் 1713 இல் வெளிவந்த நூலின் பிற்சேர்க்கையில் இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப் பற்றிப் படங்களுடன் அச்சில் வந்த முதல் பட்டியல் இதுவே எனலாம். அதாவது, இந்தியப் பறவையியலின் முதற்பக்கம் சென்னையில் எழுதப்பட்டது.

வைரிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1788 இல். ஜெர்மானிய அறிஞர் மெலின் இலங்கைப் பறவையை அடிப்படையாகக் கொண்டு அதற்கு 'பாடியஸ்' என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் செம்பழுப்பு நிறம் என்று பொருள். பிற்காலத்தில் 'அக்சிபிட்டர்' என்னும் பேரினத்தில் வைக்கப்பட்ட வைரி, மரபணு ஆய்வுகளை ஒட்டி 2024 இல் 'டாக்கிஸ்பிசா' என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பறவை மாறவில்லை, உறவுமுறை பற்றிய நம் அறிவுதான் மாறியது.

1836 இல் சென்னை மாகாணத்துக்குப் படை மருத்துவராக வந்த ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னையில் வெளிவந்த அறிவியல் இதழில் 1839 முதல் வெளியிட்டார். பின்னர் 1862 முதல் 1864 வரை 'இந்தியப் பறவைகள்' என்ற பெருநூலையும் எழுதினார். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நாம் அறிந்த ஹியூம், இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி 1873 முதல் நூல் வெளியிட்டார். அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தவற்றில் முட்டைகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தன.

அந்நாளைய ஆராய்ச்சி முறை துப்பாக்கியும் ஏணியுமே. பறவையைச் சுட்டுத் தோலை உரித்து வைப்பர். மரமேறி முட்டையை எடுத்து உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி ஓட்டைப் பாதுகாப்பர். இதனால் பறவைகளின் வகை, பரவல், கூடு கட்டும் பருவம் ஆகியவை தெரிந்தன. ஆனால் முட்டையை எடுத்துவிட்டால் குஞ்சு எப்படி வளர்கிறது என்று யார் பார்ப்பது?

பகை: கோழிக்குஞ்சுத் திருடன்

பாட்டி சொல்வதிலும் உண்மை உண்டு. இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் வாழ்ந்தார். தம் தோட்டத்திலும் ஊரிலும் கண்டவற்றை அவர் கடிதங்களாக எழுதினார். 1789 இல் நூலாக வெளிவந்த அக்கடிதங்களில், வைரியின் உறவினமான குருவி வைரி ஒன்று பழைய காக்கைக் கூட்டில் குஞ்சு பொரித்த செய்தி வருகிறது. குஞ்சுகள் வளர வளரப் பசி மிகுந்தது. கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் வளர்த்த பெண்கள் நடுங்கினர். ஒரு சிறுவனை மரத்தில் ஏற்றினார்கள். அவன் கைக்கு அகப்படாமல் குஞ்சுகள் பறந்துவிட்டன. கூட்டில் இறகு பறிக்கப்பட்ட சிறு பறவைகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன.

ஐரோப்பாவில் 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் வேட்டைப் பறவைகள் 'தீய பறவை'களாகக் கருதப்பட்டுக் கொல்லப்பட்டன. வேட்டைத் தோட்டங்களின் காவலர்களுக்கு அது ஒரு கடமையாகவே இருந்தது. நம் நாட்டில் அத்தகைய பெரும்படுகொலை நடக்கவில்லை. ஆனால் கவண் கல்லுக்கு இரையான வைரிகளுக்குக் கணக்கு ஏது?

ஐந்தாவது வழி: கவனித்தல்

1930 ஆம் ஆண்டில் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடற்கரைச் சிற்றூரில், வேலையில்லாத இளைஞர் ஒருவர் தம் குடும்பத்தாரின் வீட்டில் தங்கியிருந்தார். வீட்டருகில் மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. அவர் ஒரு மறைவிடம் அமைத்து அதில் அமர்ந்து, வாரக் கணக்கில் அக்கூடுகளைக் கவனித்துக் குறித்தார். ஆண் குருவியே கூட்டைப் பின்னுகிறது. பாதி முடிந்ததும் பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொள்கிறது. பின் ஆண் அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த துணையைத் தேடுகிறது என்று கண்டறிந்தார். அந்த இளைஞரே பிற்காலத்தில் புகழ்பெற்ற சாலிம் அலி. ஒரு முட்டையைக்கூட எடுக்காமல், வீட்டு வாசலில் செய்யப்பட்ட ஆராய்ச்சி இது!

நந்தனத்துக்கு அருகில் மயிலாப்பூரில் இன்னொருவர் வாழ்ந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் அவர். 1950 முதல் 1996 இல் மறையும் வரை, கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் தொடர்ந்து இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். தமிழிலும் எழுதினார். யானைகளைப் பற்றி எழுதிய அதே அக்கறையுடன் காக்கை, மைனா, ஓணான் பற்றியும் எழுதியவர். காட்டுக்குப் போனால்தான் இயற்கையைப் பார்க்க முடியும் என்பதில்லை என்று சென்னைவாசிகளுக்கு உணர்த்தியவர். 1978 இல் சென்னை இயற்கையாளர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் கிண்டி மான் பூங்கா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எடுத்த முட்டை சொன்ன சாட்சி

இந்த இடத்தில் வரலாறு ஒரு விந்தையான திருப்பம் அடைகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. முதலான பூச்சிக்கொல்லி மருந்துகள் வயல்களில் கொட்டப்பட்டன. 1950களில் பிரிட்டனில் வல்லூறுகளும் குருவி வைரிகளும் விரைந்து குறைந்தன. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. 1962 இல் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க அம்மையார் 'மௌன வசந்தம்' என்னும் தம் நூலில் இம்மருந்துகளின் மீது குற்றம் சாட்டினார். ஆனால் சான்று வேண்டாமா?

டெரெக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானி ஒரு வழி கண்டார். சேகரிப்பாளர்கள் நூறாண்டுகளாகப் பெட்டிகளில் அடுக்கி வைத்த முட்டை ஓடுகளை அவர் அளந்து எடையிட்டார். 1940களின் நடுப்பகுதி வரை ஓட்டின் தடிப்பில் மாற்றமில்லை. அதன் பின் திடீரென்று ஓடு மெலிந்துவிட்டது! வல்லூற்று முட்டையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. 1967 இல் இதை அவர் வெளியிட்டார்.

இதன் காரணம் எளியது. புழுவில் சிறிதளவு மருந்து. அப்புழுக்களை நூற்றுக்கணக்கில் தின்னும் குருவியின் கொழுப்பில் அதிக அளவு. அத்தகைய குருவிகளை நூற்றுக்கணக்கில் தின்னும் வைரியின் உடலில் மிக மிக அதிக அளவு. படிக்குப் படி நஞ்சு திரள்கிறது. அந்நஞ்சு, முட்டை ஓடு உருவாகத் தேவையான சுண்ணாம்புச் சத்து சேர்வதைத் தடுக்கிறது. மெல்லிய ஓடுள்ள முட்டை தாயின் எடை தாங்காமல் நொறுங்குகிறது. அமெரிக்காவில் 1972 இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 1989 இல் வேளாண்மைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. கொசு ஒழிப்புக்கு விலக்களிக்கப்பட்டது.

அறியாமல் எடுத்த முட்டைகள் பிற்காலத்தில் பறவையைக் காக்கச் சாட்சி சொன்னது உண்மை. ஆனால் எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தக் கூட்டில் எடுத்தது என்ற குறிப்பு அவற்றோடு இருந்ததால்தான் அது முடிந்தது. குறிப்பில்லாத முட்டை வெறும் ஓடே. இன்று அந்தக் குறிப்பை எழுத முட்டையை எடுக்க வேண்டியதில்லை.

தோட்டத்துப் பறவைகள் அழியுமா?

தங்கையின் கண்ணீருக்கு விடை சொல்ல வேண்டும். வைரி குடியேறினால் மற்றப் பறவைகளும் அணில்களும் ஒழிந்துவிடுமா?

மேற்கூறிய நஞ்சினால் இங்கிலாந்தின் தென்பகுதியில் குருவி வைரிகள் பல ஆண்டுகள் இல்லாமலே போயின. 1970களில் அவை திரும்பி வந்தன. இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது போல இது அமைந்தது. ஆக்ஸ்போர்டை அடுத்த வைதம் காட்டில் சிறு பறவைகளை ஆண்டுதோறும் எண்ணி வந்தவர்கள், வைரிகள் திரும்பிய பின்னும் கூடு கட்டும் பறவைகளின் தொகை வீழ்ச்சியடையவில்லை என்று கண்டனர். வைரிகள் உண்டது உண்மையே. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை பசியாலும் நோயாலும் எப்படியும் இறப்பவை. அந்தப் பங்கில் ஒரு பகுதியையே வைரி எடுத்துக்கொள்கிறது.

1971 முதல் ஸ்காட்லாந்தில் குருவி வைரிகளை ஆராய்ந்த அயன் நியூட்டன், இன்னொரு கோணத்தையும் காட்டினார். ஓர் இடத்தில் எத்தனை வைரி வாழலாம் என்பதை இரையின் அளவும் கூடு கட்டும் இடமுமே முடிவு செய்கின்றன. அதாவது, இரைதான் வைரியைக் கட்டுப்படுத்துகிறது! உங்கள் தோட்டத்தில் ஒரு வைரிக் குடும்பம் பிழைத்திருக்கிறது என்றால், அங்கே ஓணானும் அணிலும் குருவியும் போதிய அளவு இருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று.

மரம் இருந்தால்தான் கூடு

நந்தனம் என்பது புராணத்தில் இந்திரனின் பூங்காவுக்குரிய பெயர். இப்பகுதியை ஒட்டி, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, ஒரு நூற்றாண்டுக்கு முன் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கி ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அது தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நாடு விடுதலை பெற்ற பின் நந்தனத்திலும் குடியிருப்பு மனைகள் தோன்றின. மனைக்கொரு வீடு, வீட்டுக்கொரு கொல்லை, கொல்லைக்கு இரண்டு மூன்று மரங்கள் என்பது அன்றைய அமைப்பு. ஏரிப்பறவைகள் போன இடத்துக்குத் தோட்டத்துப் பறவைகள் வந்தன. 1920 இல் ஹாரி பக் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியின் பரந்த வளாகமும், ஆற்றுக்கு அப்பால் கிண்டிப் பூங்காவும் அவற்றுக்குப் புகலிடங்களாயின.

பின்னர் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. கொல்லை, வண்டி நிறுத்தும் இடமாயிற்று. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் சென்னையின் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் வீழ்த்தியது. வைரிக்கு மாடங்களில் கூடு கட்டத் தெரியாது. புறா கட்டும், வைரி கட்டாது. அதற்கு உயர்ந்த, கவட்டையுள்ள மரம் வேண்டும். அத்தகைய மரம் வளர இருபது முப்பது ஆண்டுகளாவது வேண்டும்.

நகரத்தில் வேட்டைப் பறவை வாழ முடியுமா என்றால், முடியும். அமெரிக்காவின் டூசான் நகரில் கூப்பர் வைரிகள் வீட்டுத் தோட்டங்களில் பெருகின. ஆனால் 1990களில் அங்கே பல குஞ்சுகள், இரையான புறாக்களிடமிருந்து தொற்றிய நோயால் இறந்தன. நகரம் உணவும் தரும், ஆபத்தும் தரும். நியூயார்க்கில் ஒரு பெரிய மாளிகையின் விளிம்பில் செவ்வால் வைரி ஒன்று ஆண்டுதோறும் கூடு கட்டி வந்தது. 2004 டிசம்பரில் கட்டடத்தார் அக்கூட்டை அகற்றினர். தெருவில் கூடிய மக்களின் எதிர்ப்பால் அதே மாதத்திலேயே, கூடு கட்டுவதற்கான தாங்கியைத் திரும்ப அமைக்க நேர்ந்தது. ஒரு பறவைக் குடும்பத்துக்காக ஒரு மாநகரம் வாதாடியது!

நீங்கள் செய்யக்கூடியவை

வைரி நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. கூட்டைக் கலைப்பதும், முட்டையையோ குஞ்சையோ எடுப்பதும், பிடித்து வளர்ப்பதும் குற்றம். சட்டத்துக்கு அப்பால், உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு.

கூட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்காதீர்கள். மொட்டை மாடியிலிருந்தோ சன்னலிலிருந்தோ தொலைவில் நின்று பாருங்கள். அடைகாக்கும் பறவை அஞ்சி எழுந்தால், வெயிலில் முட்டை கெடும், காக்கைகளும் கொள்ளையிடும். கூடு உள்ள மரத்தின் கிளைகளைக் கோடை முடியும் வரை வெட்டாதீர்கள். எலிக்கு நஞ்சு வைக்காதீர்கள்; நஞ்சுண்ட எலியைத் தின்னும் வைரிக்கும் அது சேரும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் மரத்தில் சிக்கியிருந்தால் பெரியவர்களிடம் சொல்லி அகற்றுங்கள். இறகு முளைத்த குஞ்சு தரையில் இருந்தால், அது பறக்கப் பழகிக்கொண்டிருக்கலாம். பூனையும் நாயும் அணுகாமல் காத்து, அருகிலுள்ள கிளையில் விட்டால் போதும். பெற்றோர் தேடி வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இறுதியாக, ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். தேதி, நேரம், கூட்டுக்கு வந்தது ஆணா பெண்ணா, கொண்டு வந்த இரை என்ன, குஞ்சுகள் எத்தனை என்று நாள்தோறும் நான்கு வரி எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்களும் இல்லத்தரசிகளும் பங்கேற்கிறார்கள். நீங்களும் சேரலாம். ஒரு வைரிக் குடும்பம் ஒரு நாளில் எத்தனை ஓணான், எத்தனை எலி, எத்தனை குருவி உண்கிறது என்பதை நம் நகரத் தோட்டங்களில் முறையாக எண்ணி எழுதியவர்கள் மிகச் சிலரே. கோட்டை மருத்துவரிடம் இருந்ததைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.  உங்களுக்கு ஒரு பென்சிலும் ஒரு மரமும் மூன்று மாதப் பொறுமையும் போதும்.